ஸ்டீம்பங்க் நகையும் சிற்பமும்: கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

நீராவி இயந்திரம் ஓடிய 19ஆம் நூற்றாண்டின் பித்தளை, பற்சக்கரம், ரிவெட் (தலையைத் தட்டி இறுக்கும் ஆணி), அழுத்தமானி இவற்றை எடுத்து இன்றைய கற்பனையில் பதக்கமும் மோதிரமும் சிற்பமும் செய்வதுதான் ஸ்டீம்பங்க். இலங்கையின் மலையகத்தில் இருப்பவர்கள் இதற்கான பொருளைத் தேடி அதிகம் அலைய வேண்டியதில்லை. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பதுளையிலோ ஒரு பழைய இரும்புக் கடைக்குள் நுழைந்தால் நின்றுபோன அலாரம் மணிக்கூடு, பெற்றோல்மக்ஸ் விளக்கின் தலை, தையல் மெஷினின் சக்கரம், தண்ணீர் மீட்டரின் பித்தளை உடல், தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் தேய்ந்த கவ்வாத்துக் கத்தி எல்லாம் ஒரே குவியலில் கிடக்கும்.

வேலை தொடங்கிய பிறகுதான் சிக்கல் வரும். பசை டப்பாவிலும் ரெசின் போத்தலிலும் எழுதியிருக்கும் நேரக் கணக்கு, 25 பாகை வெப்பமுள்ள காய்ந்த அறைக்கு எழுதியது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான். பனிமூட்டம் சன்னல் வழியாகவே உள்ளே வரும். இங்கே கெட்டுப்போகும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இரண்டு: கையில் இருப்பது என்ன உலோகம் என்று பார்க்காமல் தொடங்குவது, குளிரையும் ஈரத்தையும் கணக்கில் எடுக்காதது. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள கோளாறுகளைப் படியுங்கள்.

எதற்கும் முன்னால்: இது என்ன உலோகம்?

ஒரு காந்தமும் ஒரு சின்ன அரமும் போதும். முதலில் காந்தத்தை வையுங்கள். மஞ்சளாகப் பளபளக்கும் ஒரு துண்டு காந்தத்தில் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டால், கண்ணில் படாத ஒரு மூலையில் அரத்தால் ஒரு கீறு கீறுங்கள். உள்ளேயும் மஞ்சள் என்றால் பித்தளை. இளஞ்சிவப்பு என்றால் செம்பு. சாம்பல் நிறமாகவும் லேசாகவும் இருந்தால் அலுமினியம். சாம்பல் நிறத்தோடு கனமாகவும் இருந்தால் பெரும்பாலும் வார்ப்புத் துத்தநாகக் கலவை. மலிவான கைப்பிடிகள், பொம்மைக் கார்கள், சில மணிக்கூட்டு உடல்கள் எல்லாம் இதில்தான் செய்வார்கள். இது 380 பாகையை ஒட்டி உருகிவிடும். தீச்சுவாலையைக் காட்டினால் கண்முன்னே சரிந்து விழும். இதற்கு ரிவெட்டும் போல்ட்டும்தான் பொருத்தம்.

சில பொருள்களைத் தொடாமல் விடுவதே சரி. 1970களுக்கு முன் வந்த, இருட்டில் ஒளிரும் கைக்கடிகார முகங்களில் ரேடியம் பூசியிருக்கலாம். ஒளிர்வு செத்துப்போயிருந்தாலும் ரேடியம் சாகவில்லை. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. சுரண்டவோ தேய்க்கவோ நகையில் வைக்கவோ வேண்டாம். பழைய கொதிகலன், உலர்த்தி இவற்றோடு வரும் வெள்ளை நார்க்கயிறும் கேஸ்கெட்டும் அஸ்பெஸ்டஸாக இருக்கலாம், கூரைத்தகடும் அப்படித்தான். அறுத்தால் நுரையீரலுக்குள் போகும். லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கூரையிலிருந்து கழற்றிய துத்தநாகம் பூசிய தகரத்தை வெட்டலாம், மடிக்கலாம், ரிவெட் அடிக்கலாம். தீயில் மட்டும் காட்டாதீர்கள். அந்தப் புகை சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் போல ஆளைப் படுக்கவைக்கும். பழைய இயந்திரத்தின் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேயுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ரயில் பாதையின் ஆணி, போல்ட், இணைப்புத் தகடு எதுவும் கடையில் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அது அரச உடைமை. அந்தப் பாதையில்தான் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ரயிலில் போகிறார்கள்.

மணிக்கூட்டைத் திறந்ததும் சுருள் சீறிப் பாய்கிறது

சாவி கொடுக்கும் மணிக்கூடு நின்றுபோயிருந்தாலும் அதன் பெரிய சுருள்வில் முறுக்கோடு இருக்கக்கூடும். தகட்டைப் பிரிக்கும் முன் அந்த முறுக்கை இறக்க வேண்டும். சாவியை அதன் துளையில் மாட்டி, கொடுக்கும் திசையில் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கள். பல்லில் விழுந்திருக்கும் சிறிய நாக்கை மறுகையில் ஓர் ஊசியால் விலக்கி, சாவி விரலுக்குள் மெல்லத் திரும்ப விடுங்கள். அரைச் சுற்றுக்கு ஒருமுறை நாக்கை மீண்டும் பல்லில் விழ விட்டு மூச்சு வாங்கலாம். கண்ணைக் காக்கும் கண்ணாடி போடாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். இறக்கிய சுருளை எறிந்துவிடவும் வேண்டாம். சிற்பத்தில் வாலுக்கும் துதிக்கைக்கும் அதைவிட நல்ல பொருள் கிடையாது.

ஓடக்கூடிய மணிக்கூடு கைக்கு வந்தால் அதைப் பிரிக்காமல் ஓட வையுங்கள் என்பது என் வேண்டுகோள். செத்தவையே போதுமான அளவு கிடைக்கின்றன.

ரெசின் இரண்டு நாளாகியும் பிசுபிசுக்கிறது

எபொக்சி ரெசின் என்பது ரெசின், இறுக்கி என்று இரண்டு போத்தல் திரவத்தைக் கலந்து ஊற்றி இறுகவிடுவது. மலையில் மிக அதிகமாகக் கேட்கும் புகார் இது. மூன்று விதமான பிசுபிசுப்பு உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு.

முழுத் துண்டும் ஒரே சீராக இரப்பர் மாதிரி வளைகிறதா? குளிராக இருக்கலாம், இரண்டு போத்தலின் அளவு பிசகியிருக்கலாம். எது என்று கண்டுபிடிக்கத் துண்டை 28 முதல் 30 பாகை வெப்பத்தில் ஒரு நாள் வையுங்கள். இறுகினால் குளிர்தான் காரணம், பிரச்சினை முடிந்தது. இறுகாவிட்டால் அளவு பிழை. அது எத்தனை மாதம் வைத்தாலும் இறுகாது; சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதுதான் வழி.

அங்கங்கே திட்டுத்திட்டாக மட்டும் ஒட்டுகிறதா? கலக்கியது போதவில்லை. கிண்ணத்தின் ஓரத்திலும் அடியிலும் கலக்காமல் தங்கியது கடைசியில் ஊற்றும்போது வந்து விழுந்திருக்கிறது. அந்தத் திட்டுகளைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, மேலே மெல்லிய புதுப் படலம் ஒன்று ஊற்றுங்கள். அடுத்த முறை ஒரு கிண்ணத்தில் கலக்கி, வேறொரு கிண்ணத்துக்கு மாற்றி, மறுபடியும் கலக்குங்கள்.

துண்டு கல் மாதிரி இறுகியிருக்கிறது, மேலே மட்டும் மெழுகு தடவியது போல வழுவழுப்பா? எபொக்சியின் இறுக்கியும் காற்றிலுள்ள ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து உண்டாக்கிய படலம் அது. பனி இறங்கிய இரவில் திறந்து வைத்தால் கட்டாயம் வரும். வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் கழுவினாலே போய்விடும். கழுவாமல் அதன்மேல் அடுத்த படலம் ஊற்றினால் பின்னால் தோலுரியும்.

குளிருக்கு வழி இதுதான். எபொக்சி இறுகும் நேரம் வெப்பம் 10 பாகை குறைந்தால் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆகவே கலக்கும் முன்னரே இரண்டு போத்தலையும் மூடியோடு வெந்நீர்ப் பாத்திரத்தில் பத்து நிமிடம் வையுங்கள். சூடான ரெசின் இளகலாக இருப்பதால் நுரையும் தானாக மேலே வந்து உடையும். ஊற்றிய பிறகு பெரிய அட்டைப் பெட்டிக்குள் ஒரு மூலையில் 40 வாட் பழைய இழை பல்பை அட்டையில் படாமல் தொங்கவிட்டு, ஒரு வெப்பமானியும் வைத்து மூடுங்கள். வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் எரியவிடுங்கள். விறகு அடுப்பின் பக்கத்தில் வைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். புகைக்கரியும் கேத்தலின் ஆவியும் அதில் இறங்கும்.

உள்ளே வைத்த காகிதக் கடிகார முகம் எண்ணெய் பட்டதுபோல ஊடுதெரிந்தால், ஊற்றும் முன் அதன் இரு பக்கத்திலும் வெள்ளைப் பசையை இரண்டு முறை தடவிக் காயவிடாததுதான் காரணம். மரம், தோல், சிரட்டை போன்ற நுண்துளைப் பொருள்களிலிருந்து கிளம்பும் குமிழிக்கும் இதே முன்பூச்சுதான் மருந்து.

சூப்பர் குளூ ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளை பூத்திருக்கிறது

இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது. ஈரம் அதிகமான நாளில், பசையும் அதிகமானால், அதன் ஆவி பக்கத்து உலோகத்திலும் கடிகாரக் கண்ணாடியிலும் வெள்ளையாகப் படியும். உலோகத்தில் படிந்ததை ஒரு துளி எண்ணெய் தொட்ட துணியால் துடைக்கலாம். பிளாஸ்டிக் கண்ணாடியில் படிந்தால் பற்பசையால் நெடுநேரம் தேய்த்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். பசையை ஊசிமுனையால் தொட்டு வைத்து, காய்ந்து முடியும்வரை ஒரு விசிறியின் காற்றை மெதுவாக விடுங்கள். மூடிய பெட்டிக்குள் காய வைக்காதீர்கள்.

ஸ்பிரே வார்னிஷும் மழை நாளில் இப்படித்தான் வெளிறும். மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், மஸ்கெலியா பக்கம், மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும். அதே மாதங்களில் பண்டாரவளை, அப்புத்தளை, பதுளை பக்கம் காய்ந்த காற்று வீசும். வார்னிஷ் வேலையைச் சேர்த்து வைத்து உங்கள் பக்கத்து வெயில் காலத்தில் முடியுங்கள். வெளிறிப்போனதை உலர்ந்த நாளில் வெயிலில் கொஞ்சம் சூடாக்கி, மேலே மிக மெல்லியதாக மீண்டும் ஒருமுறை அடித்தால் பழைய படலம் இளகித் தெளியும்.

சோல்டர் ஒட்டாமல் உருண்டை உருண்டையாக ஓடுகிறது

சோல்டர் என்பது உருக்கி ஒட்டும் உலோகக் கம்பி. அது பிடிக்காவிட்டால் அழுக்கு, உலோகம், சூடு. இந்த வரிசையில் பாருங்கள்.

மணிக்கூட்டுப் பித்தளையின் மேல் பழைய அரக்குப் பூச்சு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மோட்டாரிலிருந்து பிரித்த செம்புக் கம்பியிலும் எனாமல் பூச்சு உண்டு. ஒட்ட வேண்டிய இடத்தைச் சாண்ட் பேப்பரால் புது உலோகம் தெரியும்வரை தேய்த்து, உடனே ஃப்ளக்ஸ் (சோல்டர் பிடிக்க உதவும் பொருள்) தடவுங்கள். தேய்த்துவிட்டு மறுநாள் ஒட்டலாம் என்று வைத்தால் ஒரே இரவில் மேலே படலம் கட்டிவிடும்.

சுத்தமாக இருந்தும் ஒட்டவில்லையா? அலுமினியமும் முலாம் போட்ட குரோமியமும் சாதாரண சோல்டருக்குப் பிடி கொடுக்காது. இரும்பு அச்சுக்கு ரோசின் ஃப்ளக்ஸ் போதாது, துத்தநாகக் குளோரைட்டு அமில ஃப்ளக்ஸ் வேண்டும். அதைப் பயன்படுத்தினால் வேலை முடிந்ததும் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் அந்த மூட்டைச் சுற்றித் துரு பூக்கும்.

மேலே சொன்ன இரண்டும் சரி என்றால் சூடு போதவில்லை. ரேடியோ திருத்தும் 25 வாட் சோல்டரிங் அயன் ஒரு தடித்த பித்தளைத் தகட்டைச் சூடாக்காது. தகடு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 60 வாட்டுக்கு மேற்பட்ட அயனை எடுங்கள். நம் குளிரில் தகட்டை முதலில் ஒரு தட்டையான சட்டியின் மேல் வைத்துச் சூடேற்றிக்கொள்வதும் நல்லது. அயன் முனையில் சோல்டரை உருக்கிச் சொட்ட விடாதீர்கள். பொருளைச் சூடாக்கி, பொருளின் சூட்டிலேயே சோல்டர் உருக வேண்டும்.

இரண்டாவது மூட்டைப் பற்றவைக்கும்போது முதலாவது கழன்றால், முதல் மூட்டின்மேல் ஈரத் துணியைச் சுற்றிவிட்டு இரண்டாவதைச் செய்யுங்கள்.

சோல்டர் வாங்கும்போது ஒரு விசயம். வெள்ளீயம் 63, ஈயம் 37 கலந்த சோல்டர் 183 பாகையிலேயே உருகுவதால் வேலை எளிது. ஆனால் ஈயம் கலந்ததை உடம்பில் படும் நகையில் வைக்கவே கூடாது, குழந்தை வாயில் வைக்கக்கூடிய பதக்கத்தில் நினைத்தும் பார்க்கக் கூடாது. நகைக்கு வெள்ளீயமும் வெள்ளியும் கலந்தது, 221 பாகையில் உருகும். விலை கூடத்தான். ஒரு பதக்கத்துக்குத் தேவைப்படுவது நகக்கண் அளவு.

உண்மையில் பசையையும் சோல்டரையும்விட ரிவெட்டைத்தான் நான் முதலில் நாடுவேன். எந்த உலோகத்தோடும் எந்த உலோகமும் சேரும், அடிக்கும்போது குளிரும் ஈரமும் குறுக்கே வராது, நீராவி யுகத்தில் கொதிகலனையும் பாலத்தையும் இணைத்ததும் அதுதான். 1.5 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை அதே அளவுத் துளையில் விட்டு, இரு பக்கமும் 1 மில்லிமீட்டர் துருத்தும்படி வெட்டி, சின்னச் சுத்தியலால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஒரே அடியில் தட்டையாக்கப் பார்த்தால் கம்பி உள்ளே வளைந்துவிடும்.

சக்கரங்கள் சுற்றாமல் மாட்டிக்கொள்கின்றன

பற்சக்கரத்தை வெறும் அலங்காரமாக வைத்தால் இந்தக் கேள்வியே வராது. சுற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களுக்குத்தான் இந்தப் பகுதி. ஆசைப்படுங்கள் என்றே சொல்வேன். சட்டைப் பையில் இருக்கும் ஒரு பதக்கத்தில் விரலால் சுழற்ற இரண்டு சக்கரம் இருந்தால் அதை யாரும் கீழே வைக்க மாட்டார்கள்.

வெவ்வேறு மணிக்கூட்டிலிருந்து வந்த சக்கரங்களின் பல் அளவு ஒன்றாக இருக்காது. அதை அளக்க ஒரு சுருக்கமான கணக்கு உண்டு. சக்கரத்தின் வெளி விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, பல்லின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டிய தொகையால் வகுங்கள். 60 பல், விட்டம் 31 மில்லிமீட்டர் என்றால் 31ஐ 62ஆல் வகுக்க 0.5. இன்னொன்று 30 பல், விட்டம் 16 மில்லிமீட்டர். 16ஐ 32ஆல் வகுத்தாலும் 0.5. இரண்டும் சேரும். ஒன்று 0.5, மற்றது 0.4 என்றால் என்ன செய்தாலும் சேராது, பல்தான் உடையும்.

அச்சுகளுக்கு இடையே எவ்வளவு தூரம்? இரண்டின் பல்லையும் கூட்டி, அந்த 0.5ஆல் பெருக்கி, பாதியாக்குங்கள். 90 பல், 45, அதில் பாதி 22.5 மில்லிமீட்டர். மணிக்கூட்டுப் பற்களின் வடிவம் தொழிற்சாலைப் பற்சக்கரத்தின் வடிவத்திலிருந்து சற்று மாறுபடும் என்பதால் இந்தக் கணக்கு நூலிழை பிசகும். ஒரு துளையை வட்டமாகப் போடாமல் சற்று நீளமாக அராவிவிட்டு, சக்கரம் இலகுவாகச் சுற்றும் இடத்தில் இறுக்குங்கள்.

பல் அளவு சரி, தூரம் சரி, ஆனாலும் அசையவில்லையா? எத்தனை சக்கரம் ஒரு வட்டமாகச் சேர்ந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். மூன்று சக்கரம் முக்கோணமாக ஒன்றையொன்று தொட்டால் உலகத்தில் எந்த விசையாலும் அது சுற்றாது. பக்கத்தில் உள்ளது எதிர்த்திசையில் சுற்ற வேண்டும் என்பதால் மூன்றாவது இரண்டு திசைக்கும் இழுபடும். ஐந்தும் ஏழும் வட்டமிட்டாலும் இதே கதிதான். ஒன்றை மேல் தட்டுக்குத் தூக்கிவிடுங்கள்.

நன்றாகச் சுற்றியது, பிறகு ஒரு குளிர் காலையில் இறுகிவிட்டது என்றால், தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறீர்கள். அது 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். கொழும்பில் ஓடும், நானுஓயாவில் ஓடாது. நாளடைவில் பிசினாகவும் ஆகும். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை ஊசிமுனையில் ஒரு துளி எடுத்து அச்சில் மட்டும் வையுங்கள். பல்லுக்கு எண்ணெய் வேண்டாம், தூசி பிடிக்கும்.

நட் ஒன்றிரண்டு சுற்றுப் போய் நின்றுவிடுகிறது

பலம் கொடுத்து இறுக்காதீர்கள். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு வந்த பழைய இயந்திரங்கள், கெய்ன்ஸ்பரோவின் மார்ஷல் நிறுவனத்து ரோலராகட்டும், பெல்ஃபாஸ்டின் டேவிட்சன் நிறுவனத்துச் சிரோக்கோ உலர்த்தியாகட்டும், பிரித்தானியாவில் செய்தவை. அவற்றின் போல்ட்டில் உள்ள புரி (திருகு வரி) 1841இல் ஜோசப் விட்வர்த் வகுத்த முறை. அந்தப் புரியின் கோணம் 55 பாகை. இன்று ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் மெட்ரிக் போல்ட்டின் கோணம் 60 பாகை, இடைவெளியும் வேறு. கால் அங்குல விட்வர்த் புரியில் அங்குலத்துக்கு 20 சுற்று. 6 மில்லிமீட்டர் மெட்ரிக்கில் ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்கு 25க்கும் மேல். ஆகவே 6 மில்லிமீட்டர் போல்ட் பழைய கால் அங்குல நட்டுக்குள் ஆடிக்கொண்டே நுழைந்து, சீக்கிரத்தில் சிக்கும். இரண்டும் வீணாகும்.

இயந்திரத்திலிருந்து கழற்றும்போதே போல்ட்டையும் நட்டையும் சோடியாகக் கோத்து வையுங்கள். சோடி தொலைந்தால் அமெரிக்கப் புரியுள்ள கால் அங்குல நட் பெரும்பாலும் ஏறும். அதிலும் அங்குலத்துக்கு 20 சுற்றுதான், சிற்பத்துக்கு அது போதும்.

பித்தளைத் தகட்டுக்குள் சின்ன இரும்பு ஆணி முறிந்து மாட்டிக்கொண்டால் டிரில் போட்டுத் தகட்டைக் கெடுக்க வேண்டாம். மணிக்கூடு திருத்துபவர்கள் நெடுங்காலமாகச் செய்வது, சீனக்காரத்தை (படிகாரம்) வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்து அதில் தகட்டை ஊறப்போடுவது. இரும்பு மெல்ல மெல்லக் கரைந்து கருந்தூளாகிவிடும், பித்தளை அப்படியே இருக்கும். கரைசலை அவ்வப்போது சூடாக்கினால் விரைவாக நடக்கும். தகட்டில் வேறு இரும்பு அச்சு எதுவும் இல்லை என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் கரைந்துவிடும்.

துரு திரும்பத் திரும்ப வருகிறது

இதற்கான மருந்து நம் கையிலேயே இருக்கிறது: தேயிலைத் தூள்.

முதலில் துருவை இறக்க வேண்டும். வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்து, இரும்பு நாரால் தேய்த்து, தண்ணீரில் அலசுங்கள். சுருள்வில்லை மட்டும் அமிலத்தில் நெடுநேரம் போடாதீர்கள். கடினமாக்கிய உருக்கு அமிலத்தில் நொறுங்கும் தன்மை அடையும், பிறகு வளைக்கும்போது பட்டென்று ஒடியும். அடுத்து ஒரு லீட்டர் கொதிநீரில் இரண்டு கைப்பிடி டஸ்ட் தேயிலையைப் போட்டு, கறுப்பாக இறங்கியதும் வடித்து, ஆறிய சாயத்தில் இரும்பைச் சில மணி நேரம் மூழ்கவையுங்கள். தேயிலையின் தனின் இரும்போடு சேர்ந்து நீலங்கலந்த கறுப்புப் படலமாகும். கடையில் விற்கும் துருமாற்றிகள் பலவற்றிலும் இருப்பது இதே தனின் அமிலம்தான். எடுத்துத் துடைத்து, அடுப்புச் சூட்டில் நன்றாக உலர்த்தி, சூடாக இருக்கும்போதே தேன்மெழுகைத் தேயுங்கள். கவ்வாத்துக் கத்தியின் அலகை இப்படிச் செய்தால் வரும் கறுப்பு எந்தப் பெயின்டிலும் வராது. தோட்டத்தின் கத்தி, தோட்டத்தின் சாயம். கழிவுத் தேயிலை கிடைத்தால் அதுவே போதும், குடிக்கும் தூளை வீணாக்க வேண்டாம்.

பித்தளைக்குப் பக்கத்தில் உள்ள இரும்பு மட்டும் வேகமாகத் துருப்பிடிக்கிறதா? ஈரம் பட்டதும் இரண்டும் சேர்ந்து ஒரு சின்ன மின்கலம் போல வேலை செய்து இரும்பைத் தின்னும். அலுமினியமும் செம்பும் சேர்ந்தால் அலுமினியத்தின் பாடு இன்னும் மோசம். இடையில் தோல் வொஷரோ பைபர் வொஷரோ வையுங்கள், அல்லது இரண்டையும் இணைக்கும் முன்னரே தனித்தனியாக வார்னிஷ் அடியுங்கள்.

பித்தளை சிவந்துவிட்டது

வினாகிரியிலோ புளியிலோ அளவுக்கு மிஞ்சி ஊறியிருக்கிறது, அல்லது அதே கிண்ணத்தில் இரும்பும் கிடந்திருக்கிறது. முதலாவதில் துத்தநாகம் கரைந்து செம்பு மிஞ்சும். இரண்டாவதில் கரைந்த செம்பு மேலே வந்து படியும். இரண்டும் மேலோட்டமானவை. பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் திரும்பும். குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவது போல, தேய்த்ததும் கழுவிவிடுவதே முறை. பித்தளைக்கு ஒரு கிண்ணம், இரும்புக்கு ஒரு கிண்ணம்.

போட்டுக்கொண்டவர் தோலில் பச்சை, அல்லது அரிப்பு

பச்சை நிறம் மட்டும் இருந்தால் செம்பும் வியர்வையும் சேர்ந்த உப்பு. சவர்க்காரத்தில் போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை. வார்னிஷ் அடித்தால் சில மாதம் தாங்கும், பிறகு உராய்வில் தேயும். பதக்கத்தின் பின்புறம் மெல்லிய தோல் ஒட்டிவிடுவதுதான் நிலையான வழி.

சிவந்து தடித்து அரித்தால் அது பெரும்பாலும் நிக்கல். பழைய கைக்கடிகாரத்தின் உடலில் முலாமாக இருக்கும். ஜெர்மன் சில்வர் என்று சொல்லி விற்கும் உலோகத்தில் வெள்ளி ஒரு துளியும் கிடையாது, நிக்கல் உண்டு. இதற்குப் பூச்சு தீர்வாகாது. அந்தத் துண்டையே மாற்றுங்கள். காதில் துளைக்குள் போகும் கொக்கியை மட்டும் எந்தப் பழைய கம்பியிலும் செய்யாதீர்கள். நகை வேலை செய்யும் ஆசாரியிடம் நல்ல வெள்ளியில் செய்து வாங்கி, மிச்ச வேலையை அதில் தொங்கவிடுங்கள்.

வளையம் திறந்து பதக்கம் விழுகிறது, கம்பி ஒடிகிறது

வளையத்தைக் குறடால் அகட்டித் திறந்தால் அதன் வட்டம் கெடும், மூடினாலும் இடைவெளி இருக்கும். இரண்டு முனையையும் முன்னும் பின்னுமாகத் திருகித் திறந்து, அப்படியே திருகி மூட வேண்டும். இரும்புத் துண்டுகள் உள்ள பதக்கத்துக்கு 1 மில்லிமீட்டருக்குக் குறைந்த கம்பி வேண்டாம்.

செம்பும் பித்தளையும் வளைக்க வளைக்கக் கடினமாகும், பிறகு ஒடியும். விறைப்பு ஏறியதும் மங்கலான சிவப்பு தெரியும்வரை சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள், மறுபடியும் இளகும். மின்கம்பியின் பிளாஸ்டிக் உறையைக் கத்தியால் உரியுங்கள், எரிக்காதீர்கள். அந்தப் புகை லயத்தின் அடுத்த வீட்டுக் குழந்தைக்கும்தான் போகும்.

சிற்பம் சாய்கிறது, அடிக்கட்டை வெடிக்கிறது

தலைப்பக்கம் கனம் கூடியிருக்கிறது. தையல் மெஷின் சக்கரத்தையோ சைக்கிளின் பெரிய பற்சக்கரத்தையோ அடியில் கொண்டுவாருங்கள், கனமும் வடிவமும் சேர்ந்து கிடைக்கும். பிடுங்கிப்போட்ட தேயிலைச் செடியின் வேர்க்கட்டை மிக அழகான பீடம். ஆனால் ஈரமாக இருக்கும்போதே வேலை செய்து, கீழ்நாட்டு வெக்கைக்கு அனுப்பினால் பிளக்கும். வெட்டிய முனைகளில் மெழுகு தடவி, மழை படாத நிழலில் பல மாதம் காயவிடுங்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் அங்கேயே வெடிக்கும்.

எல்லாம் சரியாக ஒட்டியிருக்கிறது, ஆனாலும் இயந்திரமாகத் தெரியவில்லை

இந்தக் கோளாறுக்குப் பசையும் சோல்டரும் உதவாது. சக்கரங்களைக் கொட்டி ஒட்டியிருப்பார்கள். எதற்கும் அச்சு இல்லை, எதுவும் எதையும் இழுக்காது. பார்ப்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் கண் ஒப்புக்கொள்ளாது.

மருந்து, உண்மையான இயந்திரத்தைப் போய்ப் பார்ப்பது. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இன்று தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. பழைய எஞ்சின்களும் ரோலர்களும் அங்கே உண்டு. கடுகண்ணாவையில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்ந்த ஒரு ஃபிட்டர் பாஸ் (இயந்திரம் பொருத்தித் திருத்துபவர்) இருந்தால் இரண்டையும்விட நல்லது. ஒரு பென்சிலோடு போய், "இந்தச் சக்கரத்தை எது சுத்துது, பாஸ்?" என்று கேளுங்கள்.

கொழுந்து உருட்டும் ரோலரைக் கவனியுங்கள். மேலே உள்ள பெட்டி தானாகச் சுழலாது. மூன்று மூலையில் நிற்கும் மூன்று வணரி (சுழற்றும் கை) அதை வட்டமாக இழுத்துச் செல்லும், கீழே மேசையில் பித்தளை வரிகள் கொழுந்தைத் திருகும். இந்த ஒரு அசைவை மூன்று கைக்கடிகாரச் சக்கரத்தை வைத்து ஒரு மோதிரத்தில் கொண்டுவரலாம். பழைய தொழிற்சாலையில் ஒரே எஞ்சின் கூரையை ஒட்டிய நீண்ட தண்டைச் சுற்றும். அதிலிருந்து தோல் பட்டிகள் இறங்கி ஒவ்வொரு மெஷினையும் ஓட்டும். அது ஒரு கழுத்து மாலைக்கான அமைப்பு. அந்த இயந்திரங்களோடு இரவு பகலாக நின்றவர்கள் ரோதமுனி என்று ஒரு தெய்வத்தை வைத்துக் கும்பிட்டார்கள். அழுத்தமானியை முகமாகவும் பட்டிச் சக்கரத்தை மார்பாகவும் வைத்து அந்தச் சாமியை யாராவது செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மலையகத்து ஸ்டீம்பங்க்குக்கு லண்டன் தொப்பியும் பறக்கும் கப்பலும் கட்டாயமில்லை.

கையில் இருக்கும் வேலையைத் திருத்த, முதலில் மூன்றில் ஒரு பங்கு உறுப்புகளைக் கழற்றுங்கள். மிஞ்சியவற்றில் எது இயக்குகிறது, அசைவு எது வழியாகப் போகிறது, கடைசியில் எது அசைகிறது என்று விரலால் தொட்டுக்காட்ட முடிய வேண்டும். விடுபட்ட இடத்தில் ஒரு அச்சோ ஒரு கம்பியோ சேருங்கள். அப்புறம் கறுப்புப் பெயின்டை மெல்லியதாக எல்லா இடத்திலும் தடவி, காயும் முன் துணியால் மேட்டில் உள்ளதை மட்டும் துடைத்தெடுங்கள். பள்ளத்தில் கறுப்பு தங்கும். கடைசியாக மிக நுண்ணிய இரும்பு நாரை எடுத்து, உண்மையான இயந்திரத்தில் கை படும் இடத்தையும் உறுப்பு உராயும் இடத்தையும் மட்டும் பளபளப்பாக்குங்கள். பிடியின் விளிம்பு, பல்லின் நுனி, அச்சின் தலை. மற்ற இடத்தை விட்டுவிடுங்கள்.